படுக்க வைக்காதீக

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பக்கத்து பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. ஓடின என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். பாதி வழி நாங்கள்தான் தள்ளிக்கொண்டு போவோம். அருப்புக்கோட்டையில் காலையில் ஏறினால், பரளச்சி விலக்கில் இறங்கும்போது சட்டை, முகம், மருந்துப் பெட்டி எல்லாம் கரி. அங்கிருந்து தெற்கே கரிசல் காட்டில் மூன்று மைல் நடந்தால் அந்த ஊர். அதன் பேரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் பெயர் செல்வதுரை. மிஷன் மருந்துச்சாலையில் கம்பவுண்டர். பெரிய டாக்டரைப் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்ட பிறகு, திங்களும் வியாழனும் கிராமங்களுக்குப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. போகும்போது அவர் தன்னுடைய பழைய ஸ்டெதாஸ்கோப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தால் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வரும். அந்த மிதப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஞானையா வீட்டுக்கு நான் முதலில் போனது 1942 ஐப்பசியில். பழைய மச்சு வீடு. ஜன்னல் என்று பேருக்கு ஒன்று இருந்தது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருட்டிவிட்டது. கம்பும் வேப்பெண்ணெயும் கலந்த வாடை. அந்த இருட்டில் எனக்கு முதலில் கேட்டது ஒரு மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிற மூச்சு.

கண் பழகிய பிறகுதான் ஆளைப் பார்த்தேன். மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மண் குலுக்கை, தானியம் கொட்டி வைக்கிறது. அதில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஞானையாவின் ஒரே மகள் தெரசாள். வயது இருபது. அவள் தலை சாய்கிற இடத்தில் குலுக்கையின் மண்மேல் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது.

“படுத்தா மூச்சு முட்டுதுய்யா. வருசம் ஒண்ணாச்சு, இந்தக் குலுக்கையில சாஞ்சே உறங்குறா” என்றாள் அவள் அம்மா சூசையம்மாள்.

நான் குழாயைக் காதில் மாட்டினேன். அதோடு ஒரு சங்கடமும் வந்தது. கல்யாணமாகாத பெண். அவள் நெஞ்சை நான் தொட முடியாது. அந்தப் பக்கத்து வழக்கப்படி, குழாயின் முனையில் இருக்கும் மணியைப் பெண்கள் யாராவது வாங்கிச் சேலைக்குள் வைத்துப் பிடிப்பார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பேன். சூசையம்மாள் வைத்தாள். துணி உரசுகிற சத்தம்தான் வந்தது. நான் உதட்டைப் பிதுக்கினேன்.

தெரசாள் அம்மாவின் கையிலிருந்து மணியை வாங்கிக்கொண்டாள். இடப்பக்கமாக ஒருக்களித்தாள். தானே ஓர் இடம் தேடி வைத்தாள்.

“இப்பக் கேக்குதாண்ணே?”

கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“கேக்குது தாயி” என்றேன்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கறிக்கடையில் கிடாயின் இதயத்தை வாங்கி மேசைமேல் அறுத்துப் பார்த்தவன் நான். அதற்குள் நான்கு கதவுகள். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய வெள்ளை மடல்கள். உள்ளே இருக்கிற பெரிய கதவுகளின் ஓரத்திலிருந்து நூல் நூலாக இறங்கிக் கீழே சதையில் கட்டியிருக்கும், மடல் பின்பக்கம் புரண்டுவிடாமல் இருக்க. ரத்தம் ஒரு பக்கமாகப் போகும். போனது திரும்பி வராமல் கதவு சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. லப், டப் என்று கேட்கிறோமே, அது சதை துடிக்கிற சத்தம் அல்ல, கதவு சாத்துகிற சத்தம். நல்ல கதவு திறக்கும்போது ஒரு சத்தமும் வராது.

தெரசாளுக்குச் சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கி ஒரு காய்ச்சல் வந்து போயிருக்கிறது. அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுவிட்டு இதயத்தைப் பிடித்துக்கொண்டது. இடப்பக்கத்துப் பெரிய கதவின் இரண்டு மடல்களும் தழும்பேறி ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் பொத்தான் துளை அளவுதான் வழி. போக வழியில்லாத ரத்தம் நுரையீரலில் தேங்கி நிற்கும். படுத்தால் இன்னும் கூடும். அவள் நெஞ்சில் முதலில், கதவை ஓங்கி அறைந்து சாத்துகிற மாதிரி ஓர் அறை. பிறகு டப். பிறகு ஒரு சொடுக்கு. அதுதான் ஒட்டிப்போன கதவு திறக்கிற சத்தம். அதற்குப் பின்னால் தூரத்து வண்டிச் சக்கரம் மாதிரி ஓர் உறுமல். அந்த உறுமலும் சொடுக்கும் இடது மார்புக்குக் கீழே ஒரே ஓர் இடத்தில்தான் கேட்கும், அதுவும் இடப்பக்கம் ஒருக்களித்தால். அந்த இடத்தை அவள் விரல் எனக்கு முன்னால் கண்டுபிடித்திருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் டிஜிட்டாலிஸ் சொட்டு மருந்தில் ஓட்டினோம். கால் வீக்கம் வடியும், கொஞ்சம் நடப்பாள், என்னைக் கேலி செய்வாள்.

“அண்ணே, பஸ்ஸு ஒங்கள ஏத்திக்கிட்டு வந்துச்சா, நீங்க பஸ்ஸ ஏத்திக்கிட்டு வந்தீகளா?”

ஒவ்வொரு தடவையும் மணியைத் தானே வைப்பாள், கேக்குதாண்ணே என்பாள், கேக்குது தாயி என்பேன். அந்தச் சத்தம் எனக்கு ஒரு தெரிந்த குரல் மாதிரி ஆகிப்போனது. சரிபண்ண முடியாத ஒன்றை வாரா வாரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வருகிறவன் நான். வேறென்ன செய்ய?

நாற்பத்திநான்கு மாசியில் மருந்து தீர்ந்தது. கப்பல் வரவில்லை, சரக்கு இல்லை என்று மதுரையிலிருந்து எழுதிவிட்டார்கள். பங்குனியில் அவள் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. எச்சிலில் சிவப்பு நுரை. அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணே, நாஞ் செத்தாலும் என்னயப் படுக்க வைக்காதீக.”

“கிறுக்குப் பேச்சுப் பேசாத.”

“மல்லாத்தி வச்சு மண்ணப் போட்டு மூடுவாகன்னு நெனச்சாலே மூச்சு முட்டுது. எங்க பாட்டன் பூட்டன எல்லாம் உக்கார வச்சுத்தான் பொதச்சாகளாம். எனக்கும் அப்பிடிச் செய்யச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக.”

“சொல்றேன்” என்றேன். வாய் வார்த்தைதானே, சொல்லிவிட்டேன்.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை. உச்சிப் பொழுதுக்கு அந்த வீட்டு வாசலை மிதித்தபோதே ஒப்பாரி கேட்டது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தெரசாள். மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள்.

அவளைப் படுத்த நிலையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூச்சு தெரியவில்லை. நாடி கிடைக்கவில்லை; அது ஒரு மாதமாகவே நூல் மாதிரிதான் இருந்தது. குழாயைக் காதில் மாட்டி மணியை நீட்டினேன். சூசையம்மாள் வாங்கி மகளின் சேலைக்குள் வைத்தாள். நெஞ்சுக்கு நட்டநடுவில். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் துணி உரசுகிற சத்தமும் அந்த நடுக்கமும்தான் கேட்டன.

அங்கே கேட்காது என்று எனக்குத் தெரியும். இடப்பக்கம் திருப்புங்கள், மணியைக் கீழே இறக்குங்கள் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். அத்தனை பெண்களுக்கு நடுவில் கூச்சம். வாசலில், சாமியார் வராத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மரியராஜ் வேறு ஜெபப் புத்தகத்தோடு தயாராக நின்றார். சாயங்கால பஸ்ஸை விட்டுவிடக் கூடாதே என்ற நினைப்பும் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“முடிஞ்சுபோச்சு” என்றேன்.

வெயில் காலம், அன்றைக்கே அடக்கம். ஞானையா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உபதேசியார் முன்னால் நின்றார். “அது ஆசப்பட்டுச்சுய்யா. உக்கார வச்சு...”

“அதெல்லாம் அஞ்ஞானிக வழக்கம். சாமியாருக்குத் தெரிஞ்சா நா என்ன பதில் சொல்றது?” என்றார் மரியராஜ்.

ஞானையா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருந்துச்சாலையும் அதே பங்குச் சாமியாரின் கீழ்தான்.

“உபதேசியாரய்யா சொல்றபடி செய்ங்க” என்றேன்.

பிரேதம் சுமக்க ஊருக்குப் பொதுவாக ஒரு மரப்பெட்டி உண்டு, தூம்பா என்பார்கள். கல்லறைத் தோட்டம் வரை அதில் கொண்டுபோய், பாயில் சுற்றிக் குழியில் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கரிசல் அந்த மாதத்தில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. நெஞ்சளவு தோண்டுவதற்குள் பண்ணையாள் சோலைச்சாமியின் கை கொப்பளித்துவிட்டது. அவளை இறக்கிய பிறகு ஞானையா மண் தள்ள விடவில்லை. வீட்டிலிருந்து பனஞ்சட்டங்களைக் கொண்டுவந்து, குழியின் வாய்க்கு ஒரு சாண் கீழே குறுக்காக நெருக்கி அடுக்கினார்.

“மண்ணு எம்மக நெஞ்ச அமுத்தக் கூடாது” என்றார்.

சட்டத்தின்மேல் கரிசல் கட்டிகளைப் போட்டு மூடினோம். நான் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை சாவடியில் உட்கார்ந்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சோலைச்சாமி வந்தான். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு.

“ராத்திரி படுக்க முடியலய்யா. மூச்சு முட்டுது.”

புகையிலையைக் குறை என்று சொல்லிக்கொண்டே மணியை அவன் நெஞ்சில் வைத்தேன்.

அறை. டப். சொடுக்கு. உறுமல்.

குழாயைக் கழற்றிக் காதைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். அதேதான். ஆள் மாறினாலும் குரல் மாறாதே, அப்படி எனக்கு அது தெரிந்தது. அடுத்து வந்த கிழவருக்கும் அதே சத்தம். அவருக்கு அடுத்து, தாயின் இடுப்பில் வந்த எட்டு மாதக் குழந்தையின் நெஞ்சு புறாக் கூடு மாதிரி. மணி அதை முழுக்க மூடியது.

குழந்தைக்குள்ளும் தெரசாள்தான் இருந்தாள்.

ரப்பர் குழாய் கெட்டுவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அருப்புக்கோட்டைக்கு வந்து குழாயை மாற்றினேன். மருந்துச்சாலைத் தோட்டக்காரனைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். சுத்தமாக லப், டப். ஸ்டெதாஸ்கோப்பில் கோளாறு இல்லை.

வியாழக்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். போனேன். ஊருக்குள் நுழையும்போது உச்சி வெயில். சித்திரை மத்தியானத்தில் அங்கே யாரும் வேலை செய்ய மாட்டார்கள்; வேப்பமரத்தடியில், வாசலில், மாட்டுக் கொட்டடியில் ஆங்காங்கே துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பார்கள்.

அன்றைக்கு ஒருவர்கூடப் படுத்திருக்கவில்லை.

மரத்தைச் சுற்றி முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் குழந்தைகளைத் தோளில் நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். எல்லோருக்கும் கண் திறந்திருந்தது.

தெரு முழுக்க ஒரே மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிற மூச்சு.

ஞானையா தன் வீட்டுக்குள் குலுக்கையில் சாய்ந்திருந்தார். மகள் உட்கார்ந்த அதே இடம். என்னைப் பார்த்து எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை.

“அவளுக்கு மூச்சு முட்டுது தம்பி” என்று கிசுகிசுத்தார். “அதான் எங்களுக்கும் முட்டுது.”

உபதேசியார் கோயில் சுவரில் சாய்ந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கையை உயர்த்தினார்.

“நாலு நாளா முதுகு தரையில படல. தோண்டச் சொல்லுங்க. உக்கார வச்சுருவோம். சாமியாருக்கு நாஞ் சொல்லிக்கிறேன்.”

சோலைச்சாமியும் இன்னும் நாலு ஆட்களும் பத்து எட்டுக்கு ஒரு தரம் நின்று நின்று கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். ஞானையாவைக் கட்டிலில் உட்கார்த்தித் தூக்கி வந்தார்கள். குழிமேல் கட்டிகளுக்கு நடுவே ஒரு கை நுழைகிற வெடிப்பு. அன்றைக்குக் காற்றே இல்லை. வெடிப்பின் ஓரத்தில் கிடந்த காய்ந்த வேலம் இலை எழும்பியது. விழுந்தது. எழும்பியது.

நான் மண்டியிட்டு மணியை அந்த வெடிப்பில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

சொடுக்கு.

“தோண்டுங்க, தோண்டுங்க” என்று கத்தினேன்.

கட்டிகளை அகற்றினார்கள். பனஞ்சட்டம் தெரிந்தது. முதல் சட்டத்தை உருவியதும் வாடை மூஞ்சியில் அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். மிச்சச் சட்டங்களை நான்தான் உருவினேன்.

பாய் விரிந்து கிடந்தது.

தெரசாள் உட்கார்ந்திருந்தாள்.

தலைமாட்டு மண்சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, சட்டம் இடிக்காமல் கழுத்தை வளைத்து, இடப்பக்கமாகக் கொஞ்சம் ஒருக்களித்து. வலது கை இடது மார்புக்குக் கீழே. எதையோ அந்த இடத்தில் வைத்துப் பிடிப்பது மாதிரி விரல்கள் குவிந்திருந்தன.

“ஆண்டவரே” என்று மரியராஜ் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அவ ஆசைய ஆண்டவரே நெறவேத்திட்டாரு.”

“தானா உக்காந்துக்கிருச்சு எம் மக” என்று ஞானையா அழுதார். அழுகைக்கு நடுவில் அவர் மூச்சு நீளமாக உள்ளே போனது. ஒரு வாரத்தில் முதல் முழு மூச்சு. சோலைச்சாமி நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தான். எல்லோருக்கும் மூச்சு முட்டல் விட்டுவிட்டது.

நான் குழிக்குள் குனிந்திருந்தேன். அவள் இடது கை மடியில் கிடந்தது. நகக்கண்களில் பனஞ்சிராம்பு. என் கையிலிருந்த சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கீறல் கீறலாக இருந்தது.

செத்தவர்கள் எழுந்து உட்கார மாட்டார்கள்.

சட்டத்தைக் கீறல் கீழே இருக்கும்படி திருப்பி வைத்தேன். மற்றதையும் வைத்தேன். “மூடிருங்க” என்றேன்.

ஊருக்குள் சூசையம்மாள் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“எம் மக எப்பிடிய்யா இருந்தா?”

சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கு மணியை எங்கே வைத்தோம் என்று அவள் நினைத்துப் பார்ப்பாள். அந்தக் கையோடு அவள் மிச்ச காலத்தைக் கழிக்க வேண்டும். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லி வந்தேன். எனக்காகவும்தான்.

“நல்லா சாஞ்சு உக்காந்திருக்கா தாயே” என்றேன்.

“அது போதும்” என்றாள்.

அன்று ராத்திரி ஊரே முதுகை நீட்டிப் படுத்து உறங்கியதாம். நான் மட்டும் உறங்கவில்லை. பாயில் சாய்ந்ததும் மூச்சு முட்டியது.

ஐந்து வருஷம் ஆகிறது. மணியை என் நெஞ்சில் ஆயிரம் தடவை வைத்துக் கேட்டுவிட்டேன். லப், டப். ஒரு குறையும் இல்லை. ஆனால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்துதான் உறங்குகிறேன். யுத்தம் முடிந்து திரும்பிய டாக்டர் போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னார்: சீமையில் இப்போது இதயத்துக்குள் விரலையே விட்டு அந்த ஒட்டிய கதவைப் பிரித்து விடுகிறார்களாம். ஒரு விரல் போதுமாம். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

மருந்துச்சாலை வரிசையில் என்னுடையது கடைசி அறை. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் கருவேலங்காடு. இன்றைக்கு மத்தியானம் வழக்கம்போல அதில் சாய்ந்து கண்ணை மூடினேன். முதுகில் சுவர் லேசாக அழுத்தியது. அந்தப் பக்கமும் யாரோ சாய்ந்து உட்கார்ந்த மாதிரி.

எழுந்து ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது. கையோ குழாயை எடுத்துக் காதில் மாட்டியது. மணியைச் சுவரில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை. துணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அப்போது மணியைப் பிடித்திருந்த என் விரல்கள்மேல் சில்லென்று ஏதோ பட்டது. பொறுமையாக, பழக்கப்பட்ட மாதிரி, என் கையை இடப்பக்கமாக நகர்த்தியது. பிறகு கொஞ்சம் கீழே இறக்கியது. நின்றது.

எதற்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“கேக்குது தாயி” என்றேன்.